அப்பாவுக்கு முன்னால் ஒரு கோடு

பெறுநர்:
இணையப் பாரங்களில் பெயர்க் கட்டத்துக்குக் காவலிருக்கும் பேரதிகாரி அவர்கள்,
(எந்த இலாகாவானாலும் சரி)

பொருள்: மலேசிய ஐ.சி.யில் (அடையாள அட்டையில்) உள்ள என் பெயர் 'செல்லாத எழுத்து' என அறிவிக்கப்பட்டது தொடர்பாக

துவான்,

தங்கள் பெயரோ பதவியோ எனக்குத் தெரியாது. திரையில் சிவப்பு எழுத்தாக மட்டுமே தரிசனம் தருகிறீர்கள். டத்தோ, டான் ஸ்ரீ என்று பட்டம் ஏதும் இருந்தால் தாங்களே முன்னால் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டுகிறேன். பட்டத்துக்கென்று உங்கள் பாரத்தில் தனிக் கட்டமே இருக்கிறது. அதைத் தொட்டால் துன் தொடங்கி வரிசையாக இறங்கி வருகிறார்கள். அங்கே யாருக்கும் தடையில்லை. தடையெல்லாம் அடுத்த கட்டத்தில்.

அதன் தலையில் "ஐ.சி.யில் உள்ளபடியே முழுப்பெயர்" என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். என் ஐ.சி.யில் முதலில் என் பெயர், பிறகு ஏ, ஒரு சாய்கோடு, எல் ('மகன்' என்பதன் மலாய்ச் சுருக்கம்), அதன்பின் அப்பா பெயர். என் வயதுத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு இதே அமைப்புதான். பெண்ணாக இருந்தால் எல் இருக்கிற இடத்தில் பி. உள்ளபடியே தட்டினேன். கட்டம் சிவந்தது: "சிறப்பு எழுத்துகளுக்கு அனுமதி இல்லை." சரி, கோட்டை எடுத்துவிட்டுத் தட்டினேன். ஐ.சி. எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "பெயர் பொருந்தவில்லை" என்றீர்கள். உள்ளதைச் சொன்னாலும் குற்றம், விட்டாலும் குற்றம். மூன்றாவது வழி ஒன்று இருந்தால் பாரத்தின் அடியில் சின்ன எழுத்திலாவது போட்டு வையுங்கள்.

இன்னொரு நாள், வேறொரு பாரத்தில், எப்படியோ பெயரைத் தாண்டிக் கடவுச்சொல்லுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே உட்கார்ந்திருப்பவர் வேறு அதிகாரி போலும். "குறைந்தது ஒரு சிறப்பு எழுத்து கட்டாயம்" என்கிறார். மாடியில் விரட்டியடித்ததைக் கீழ்த்தளத்தில் கேட்டு வாங்குகிறார்கள். என்னிடம் கைவசம் இருந்தது அந்த ஒரு கோடுதான். மேலே இடம் கிடைக்காத ஏ/எல்லையும் அப்பா பெயரையும் கடவுச்சொல்லாகப் போட்டேன். பட்டை பச்சையாகி, "மிக வலுவானது" என்றது. ரப்பர்த் தோட்டத்தில் ஆயுள் முழுக்கப் பால் வெட்டிய மனிதரைப் பற்றி ஒரு அலுவலகம் சொன்ன முதல் நல்ல வார்த்தை. மூன்று மாதம் கழித்து அறிவிப்பு வந்தது: காலாவதியாகிவிட்டது, உடனே மாற்றவும், முன்பு பயன்படுத்தியதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. துவான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பாவை மாற்றுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

இந்தக் கட்டாயத்தைப் பரப்பிய மூலவர் ஒருவர் உண்டு. பில் பர் என்ற அமெரிக்கர். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்துக்காக 2003இல் அவர் எழுதிய வழிகாட்டியிலிருந்துதான் சிறப்பு எழுத்தும் அடிக்கடி மாற்றுவதும் உலகம் முழுக்கப் பரவின. 2017இல் அந்த நிறுவனமே இரண்டையும் கைவிட்டது. எழுதியவரும் அதே ஆண்டு பத்திரிகையில் மனம் வருந்தினார். சேதி உங்கள் மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை. வழியில் யாராவது அதன் பெயரைக் கேட்டு நிறுத்தி வைத்திருக்கலாம்.

இந்தக் கோட்டை நாங்கள் கேட்டு வாங்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். வெள்ளைக்காரன் காலத்து ஏடுகளில் எஸ்/ஓ, டி/ஓ என்றிருந்தது. தோட்டத்தில் நாலு முனியாண்டி இருந்தால் எந்த முனியாண்டிக்கு எத்தனை நாள் பேர் போட்டது என்று பிரிக்கக் கிராணிக்கு அப்பா பெயர் தேவை. முழுக்க எழுதச் செக்ரோலில் இடமிருக்காது. ஒரு கோட்டை இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். பிறகு கொடி மாறியது, ஆட்சிமொழி மாறியது, எஸ்/ஓ போய் ஏ/எல் வந்தது. சிங்கப்பூரில் பலருக்கு இன்னமும் எஸ்/ஓதான். எழுத்து எது வந்தாலும் நடுவில் நின்ற கோடு நகரவில்லை. மலாய்க்காரரின் 'பின்' உங்கள் கட்டத்தில் நுழைகிறது. சரவாக் இபான் மக்களின் 'அனாக்' நுழைகிறது. ஐஸ்லாந்துக்காரர் அப்பா பெயரோடு 'சொன்' என்று ஒட்டிக்கொண்டு வந்தால் கைகுலுக்கி அனுப்புவீர்கள். யாருடைய மகன் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். எங்களுடையதற்கு மட்டும் ஆயுதச் சோதனை.

மலாயை இந்த நாட்டின் அதிகார மொழியாக்கிய சட்டத்தின் பெயரைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். 'தேசிய மொழிச் சட்டங்கள் 1963/67'. எண்களை அனுமதித்தாலுமே அந்தச் சட்டம் உங்கள் கட்டத்தில் தன் பெயரைப் பதிய முடியாது. அரசாங்கக் கடிதம் எதை எடுத்தாலும் வலது மூலையில் 'ருஜுக்கான் காமி' என்று ஒரு கோப்பு எண் இருக்கும். அதில் சாய்கோடுகள் வேலிக்கம்பி மாதிரி நிற்கும். போதாததற்கு, உங்கள் இணைய முகவரியே இரண்டு சாய்கோடுகளோடுதான் தொடங்குகிறது. வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, அந்த இரட்டைக் கோடு உண்மையில் தேவையே இல்லை என்று 2009இல் ஒப்புக்கொண்டார். தேவையில்லாத இரண்டு கோடுகள் உங்கள் வாசலில் காவல் நிற்கின்றன. ஐ.சி.யில் அச்சடித்துக் கொடுத்த ஒரு கோடு வெளியே நிற்கிறது.

தட்டச்சு செய்யச் சிரமமான எழுத்து என்றாலும் ஒரு நியாயம் உண்டு. தலையில் கொம்பு வைத்த பிரெஞ்சு ஈ வேண்டுமென்றால் விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண் பலகையில் 0233 அடிக்க வேண்டும். எங்கள் கோட்டுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. வலது ஷிஃப்ட்டுக்கு ஒட்டினாற்போல, சுண்டுவிரல் விழுகிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. எண் பலகையில் இன்னொன்று, உபரி. அதே 1963இல் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி பட்டியலில் அதற்கு 47ஆம் எண். கணினிக்கு அது புது விருந்தாளி இல்லை.

பக்கத்து வீட்டுப் பையன் கணினி படிக்கிறவன். "அங்கிள், அந்தக் கோடு எடுக்காட்டி இதைப் போடுங்க" என்று யூனிகோடில் இருக்கிற பின்னக் கோட்டை நகலெடுத்து ஒட்டிக் கொடுத்தான். பார்வைக்கு ரெட்டைப் பிள்ளை மாதிரி அதே சாய்வு. கட்டம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. ஆனால் உள்ளே இருந்த பழைய இயந்திரத்துக்கு அது தெரியாத எழுத்து. தெரியாததையெல்லாம் அது கேள்விக்குறியாக மாற்றிவிடுமாம். தபாலில் வந்த கடிதத்தில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ?எல்' என்று இருந்தது. மகன்தானா என்று எங்கள் குடும்பத்தில் யாரும் இதுவரை கேட்டதில்லை, துவான். அம்மா உயிரோடு இருந்திருந்தால் உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்திருப்பார்.

இன்னோர் இடத்தில் கோட்டை ஏற்றுக்கொண்டார்கள், பாதுகாப்புக்காக மூட்டை கட்டி. உறையின் மேல் 'ஏ&#47;எல்' என்று வந்தது. தபால்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது என்னா, புது லோட் நம்பரா?" என்று கேட்டார்.

நடுவில் ஒன்றுமில்லாமல் 'அல்' என்று சேர்த்தெழுதும் இலாகாக்களும் உண்டு. அங்கே நான் பேராக்கில் பிறந்த அரபுப் பிரமுகர். முகப்பில் பெயர் கூப்பிடும்போது பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எழுந்து நிற்பது நான். ஆக, வங்கியில் ஒரு பெயர், காப்புறுதியில் ஒரு பெயர், மின்கட்டணத்தில் ஒரு பெயர். ஐ.சி.யில் உள்ளவரோடு சேர்த்து நால்வரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எழுதி, 'பெசுருஜாயா சும்பா' (சத்தியப் பிரமாண ஆணையர்) முன்னால் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி வரச் சொல்கிறார்கள். அவர் பழைய கறுப்புத் தட்டச்சு இயந்திரத்தில் ஒரே தட்டில் கோட்டைப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் புதுப்பிப்பு எதுவும் வருவதில்லை.

பாதுகாப்பு என்பீர்கள். பெயர்க் கட்டத்தில் குறும்பான குறிகளைப் போட்டுத் தரவுத்தளத்துக்கே ஆணையிடுகிற திருடர்கள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அந்தத் திருட்டுக்குப் பேர்போனது ஒற்றை மேற்கோள் குறி. எங்கள் கோடு இல்லை. தட்டியது எதுவானாலும் அதை ஆணையோடு கலக்காமல், வெறும் பெயராகத் தனியே கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது; நிரலாளர்கள் பல ஆண்டாக அப்படித்தான் செய்கிறார்கள். அதைச் செய்யச் சோம்பி, மலாக்காவில் பரம்பரை பரம்பரையாக இருக்கும் டி'குரூஸ் குடும்பத்தாரின் மேற்கோள் குறியையும் பிடுங்கிக்கொண்டு அனுப்புகிறீர்கள்.

விமான நிறுவனங்களை மட்டும் மன்னிக்கலாம் என்று தோன்றுகிறது. பதிவு முறையில் அவர்கள் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிப்பதே சாய்கோட்டால்தான். என் பெயரை அப்படியே ஏற்றினால் 'ஏ' குடும்பத்தைச் சேர்ந்த 'எல்' என்ற பயணிக்கு இருக்கை ஒதுக்கிவிடும். அவர்கள் தொல்லை புரிகிறது. உங்கள் தொல்லைதான் புரியவில்லை. நான் ஆணா பெண்ணா என்றுகூட ஏ/எல் பார்த்து நீங்கள் அறிய வேண்டியதில்லை, ஐ.சி. எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் ஆண். அந்த எண்ணைத்தான் முதலில் வாங்கி வைத்திருக்கிறீர்களே.

எங்கள் கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகிற வழியில் ஒரு பாதி கட்டிய மாளிகை இருக்கிறது. தென்னிந்தியத் தொழிலாளிகள் கட்டியது. பக்கத்து மாரியம்மன் கோயிலின் மேலே சாமி சிலைகளோடு மாளிகையைக் கட்டுவித்த துரையின் சிலையும் நிற்கும். கட்டி முடிக்குமுன்பே 1926இல் லிஸ்பனில் இறந்துபோனார். அந்தத் துரையின் பெயர் வில்லியம் கெல்லி-ஸ்மித். நடுவில் சிறுகோடு. இன்றைக்கு அவர் வந்து உங்கள் பாரத்தை நிரப்பினால், கட்டிய கோட்டையை விட்டுவிடுவீர்கள். பெயரில் உள்ள கோட்டை விடமாட்டீர்கள்.

தமிழனுக்குக் கணினி பிடிபடாது என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். 'கோப்பெங்' என்பது எங்களுக்கு நாலு எழுத்து. யூனிகோடில் அது எட்டுக் குறியீடு. எட்டும் ஒழுங்காக வரிசையில் போய் வருகின்றன. இதே மலேசியாவில் உட்கார்ந்துகொண்டுதான் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். 247 எழுத்தை ஆங்கில விசைப்பலகைக்குள் உட்கார வைத்த சாதி நாங்கள். உங்களிடம் கேட்பது ஒரே ஒரு கோடு.

சரி, கேட்பதுதான் கேட்கிறோம், நாலாகக் கேட்கிறேன். சாய்கோடு எங்களுக்கு. மேற்கோள் குறி மலாக்காக்காரர்களுக்கு. சிறுகோடு துரைக்கு. நாலாவது '@'. 1971இல் ரே டாம்லின்சன் அதை மின்னஞ்சலுக்கு எடுத்துக்கொண்டார். நம் நாட்டு ஐ.சி.க்களில் அதற்கு 'என்கிற' என்று பொருள், இன வேறுபாடில்லாமல் பலருடைய பெயரில் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட எழுத்துகளின் பட்டியலில் இந்த நான்கையும் சேர்க்க நிரலில் ஒரு வரி போதும் என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன். அவனையே அனுப்பி வைக்கவும் தயார். அவன் பெயரும் ஏ/எல்தான், வாசலில் நிறுத்திவிடாதீர்கள்.

அவசரம் என்னவென்றால், எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். பெயர் பதியக் கெடு 60 நாள். ஏ/பி போடட்டுமா, விட்டுவிடட்டுமா, அவள் வளர்ந்து பாரம் நிரப்பும்போது திரை சிவக்காமல் இருக்க எது நல்லது என்று மகன் என்னிடம் கேட்கிறான். பெயர் முடிவாகிவிட்டது. கோடுதான் பாக்கி. கெடுவுக்குள் பதில் போடுங்கள்.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
ஏ/எல் @ அல் @ ஏ?எல் @ ஏ&#47;எல்,
கோப்பெங், பேராக்.