காணாமற்போகாத நூல்கள்: ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: நூலகக் குழுத் தலைவர் அவர்கள், பல்கலைக்கழக மைய நூலகம்.
பொருள்: நூல்களை வாசகரிடமிருந்து காத்து வருவதற்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இருப்புச் சரிபார்ப்பு அறிக்கையில் 'காணாமற்போன நூல்கள்: இல்லை' என்று ஆண்டுதோறும் எழுத முடிவது சாமானியச் சாதனை அன்று. புதையலைப் பூதம் காத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பூதத்துக்குக்கூட இப்படி ஒரு தணிக்கைச் சான்று கிடைத்ததாகத் தெரியவில்லை. இந்த மடல் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்று குறிப்பிடவில்லை. தமிழ்நாட்டில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் தத்தம் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள்.

தங்கள் கோட்டையின் முதல் அரண் கணினிப் பட்டியல். தமிழ் நூல்களின் பெயர்களை ரோமன் எழுத்தில் ஏற்றி வைத்திருப்பதை எவ்வளவு பாராட்டினாலும் தகும். சிலப்பதிகாரத்தைத் தேட வருபவர் அது 'சி' என்ற எழுத்தில் தொடங்குமா, 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்குமா என்று முதலில் ஊகிக்க வேண்டும். பிறகு 'தி'க்கு ஒரு 'எச்' உண்டா, ஆசிரியரின் தலைப்பெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்று வரிசையாகச் சூதாட வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தமிழுக்கென்று ஓர் எழுத்துப்பெயர்ப்பு அட்டவணை வைத்திருக்கிறது. வாஷிங்டனில் ஒரு தமிழ் நூலைத் தேடினால் ஒரே முயற்சியில் கிடைப்பதற்கு அதுவே காரணம். தாங்கள் அப்படிப்பட்ட தளைகளை ஏற்பதில்லை. பதிவேற்றியவருக்கு அன்று தோன்றியதே இலக்கணம். இத்தனைக்கும் பல நூலகங்கள் பயன்படுத்தும் கோஹா மென்பொருள் இலவசமானது, ஒருங்குறித் தமிழைத் தடையின்றி ஏற்பது. தமிழ் நூலின் பெயரைத் தமிழில் எழுதி வைக்கலாம் என்ற எண்ணம் எழாமல் பார்த்துக்கொள்வதற்கும் ஒரு நிருவாகத் திறமை வேண்டும். இந்த அரணைத் தாண்டி வந்தவரைத் திரை 'நூல் உள்ளது' என்று வரவேற்கும். அடுக்கில் நூல் இருக்காது. பைண்டிங்குக்குப் போயிருக்கலாம், அல்லது பேராசிரியர் ஒருவரின் வீட்டில் அவருடைய பணி ஓய்வை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம்.

நூல் கிடைத்துவிட்டால் இரண்டாம் அரண் தொடங்குகிறது. 'பார்வைக்கு மட்டும்' என்ற முத்திரை, நெறியாளரின் கையொப்பம், துறைத்தலைவரின் முத்திரை, வெளிப் பல்கலைக்கழகத்தவர் என்றால் அறிமுகக் கடிதம். ஆய்வேடுகள் என்றால் பூட்டிய அலமாரி. நகல் எடுக்கக் கூடாது, கைப்பேசியில் படமும் கூடாது. 2009இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு நெறிமுறைகள், பட்டம் வழங்கியதும் ஆய்வேட்டின் மின்படியை அனுப்பச் சொல்லின. அது காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் 'சோத்கங்கா' தளத்தில் ஏறினால் யாரும் நள்ளிரவிலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அதே ஆய்வேடு எழுதப்பட்ட கட்டடத்தில் மட்டும் அது பூட்டுக்குள் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது கருத்துத் திருட்டு இல்லை என்று மென்பொருள் கொண்டு பார்த்துச் சான்று தரும் பணியைப் பல இடங்களில் நூலகமே செய்கிறது. நூலைக் கண்ணில் காட்டாத நூலகம், அந்த நூலிலிருந்து ஒரு வரியும் எடுக்கப்படவில்லை என்று சான்றளிப்பதைவிட நம்பகமான ஏற்பாடு வேறு என்ன இருக்க முடியும்?

நூலகர் நாளான ஆகஸ்ட் 12 அன்று தாங்கள் மாலையிடும் படத்தில் இருப்பவரைப் பற்றியும் சற்றுச் சொல்ல வேண்டும். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வாசகர் தாமே அடுக்குக்குள் சென்று நூலை எடுத்துப் பார்க்கும் திறந்த முறையை அங்கே கொண்டுவந்தார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல் பயன்பாட்டுக்காகவே இருக்கிறது என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. நூலக அறிவியல் பட்டத் தேர்வில் இந்த ஐந்தையும் எழுதித்தான் தங்கள் ஊழியர்கள் பணிக்கு வந்திருக்கிறார்கள். தேர்வுக்குப் படித்ததைத் தேர்வோடு விட்டுவிடுவது நம் கல்வி மரபு என்பதால் அதில் குற்றம் காண்பதற்கில்லை.

கேலி ஒருபுறம் இருக்கட்டும். இத்தனை அரண்களும் எதற்காக என்று பார்த்தால் பழி வழங்கல் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்மீது விழாது. ஒரு நூல் தொலைந்தால் விளக்கம் கேட்கப்படும், விலை பிடிக்கப்படும், ஓய்வுக்காலப் பணம் தள்ளிப்போகும் என்ற அச்சம் அவருக்கு உண்டு. நூறு பேர் வெறுங்கையோடு திரும்பினால் யாரும் அவரைக் கேள்வி கேட்கப் போவதில்லை. தொலைந்த நூலுக்குப் பதிவேடு இருக்கிறது, திரும்பிப் போன வாசகருக்கு இல்லை. இந்த நிலையில் அறிவுள்ள எவரும் எதைச் செய்வாரோ அதையே அவர் செய்கிறார். நூலைக் காக்கிறார், வாசகரைக் கைவிடுகிறார். நோய் கணக்கு வைக்கும் முறையில் இருக்கிறது.

அதற்கான மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அரசு விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆவது விதி, ஓர் ஆண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவது இயல்பு என்று ஒப்புக்கொள்கிறது. நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இந்தக் கணக்கு எதன்மேல் போடப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். இருப்பிலுள்ள நூல்களின்மேல் அன்று, வாசகர் கைக்குப் போன நூல்களின்மேல். பத்தாயிரம் நூல்களை வழங்கிய நூலகம் ஐம்பதை இழக்கலாம். ஒன்றுமே வழங்காத நூலகத்துக்கு ஒரு நூலைத் தொலைக்கவும் உரிமை இல்லை. வறண்ட நிதி விதி ஒன்றுக்குள் ரங்கநாதனின் முதல் விதி இப்படி ஒளிந்திருக்கிறது. இது நடுவண் அரசின் விதி, மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது என்று தங்கள் நிதி அலுவலர் எழுந்து நிற்பார். உண்மைதான், கட்டுப்படுத்தாது. ஆனால் ஆட்சிக்குழு ஒரு தீர்மானத்தின் மூலம் அதே அளவுகோலை ஏற்பதை எது தடுக்கிறது? நூலகத்துக்கான மற்ற எல்லாக் கெடுபிடிகளும் தீர்மானங்கள் வழியாகத்தானே வந்தன?

ஆளில்லை என்பது தங்கள் அடுத்த பதிலாக இருக்கும். பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பது யாரும் மறுக்காத உண்மை. ஆனால் மூடிய இருப்பறைக்குத்தான் ஆள் அதிகம் வேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒருவர் உள்ளே போய்த் தேடி எடுத்து வர வேண்டும். அடுக்கைத் திறந்துவிட்டால் அந்த வேலையை வாசகரே சம்பளமில்லாமல் செய்வார். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்துவது தலைகீழ்க் கணக்கு.

எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது என்று சொல்வோரும் உண்டு. 2024 நவம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில் திறந்துவிட்டிருக்கிறது. வேதியியல் ஆய்வாளருக்கு இது பெரும் உதவி, மறுக்கவில்லை. ஆனால் மதுரைத் தமிழ்ச் சங்கம் 1902 முதல் வெளியிட்ட 'செந்தமிழ்' இதழின் பழைய தொகுதியைப் பார்க்க வேண்டியவருக்கும், ஊர் வரலாறு ஒன்றைத் தேடுபவருக்கும் அந்த 13,000இல் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது தங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. அது இருக்கிறது என்று பட்டியல் சொன்னால்தானே தெரியும்!

பழைய தாள் தொட்டால் உதிரும் என்பது மட்டும் நேர்மையான மறுப்பு. உதிரும் நூலை யாரும் வீட்டுக்குக் கேட்கவில்லை, படியெடுத்துத் தாருங்கள் என்றே கேட்கிறார்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்களை அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையிலேயே காப்பதற்கு வழி செய்தது. 1994இல் உருவான அந்த ஆய்வு நூலகம் பழுப்பேறிய தாள்களை நுண்படமாக்கிக் காத்து ஆய்வாளருக்கும் தருகிறது. காப்பதும் கொடுப்பதும் பகைத் தொழில்கள் அல்ல என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பதிப்புரிமை குறுக்கே வரும் என்பீர்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயனுக்கான நியாயமான பயன்பாட்டை மீறலாகக் கருதுவதில்லை. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்தால் உரிமையே முடிந்துவிடுகிறது. 1942இல் மறைந்த உ.வே. சாமிநாதையரின் எழுத்துக்கு இன்று யாரிடம் அனுமதி கேட்பது? அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கும் 'நகல் எடுக்கக் கூடாது' பலகை பொருந்தும் என்றால், அந்தப் பலகை சட்டம் படிக்காதவர் எழுதியது.

ஆகவே அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் இரண்டே தீர்மானங்கள் நிறைவேற வேண்டும். ஆயிரத்துக்கு ஐந்து என்ற இழப்பளவை ஏற்று ஊழியரின் அச்சத்தைப் போக்குவது ஒன்று. கேட்டுக் கிடைக்காத நூல்களுக்கு ஒரு பதிவேடு திறந்து, நூலின் பெயர், நாள், கிடைக்காத காரணம் மூன்றையும் எழுதி, இருப்புச் சரிபார்ப்பு அறிக்கையோடு அதையும் தணிக்கைக்கு வைப்பது இன்னொன்று. முனைவர் பட்ட ஆய்வுக்கு மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் குறைந்தது மூன்றாண்டும் மிஞ்சினால் ஆறாண்டும் தருகின்றன. அதில் எவ்வளவு காலம் தங்கள் முகப்பில் கரைகிறது என்று அந்தப் பதிவேடு காட்டும்.

இதைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒரு சொல். 'இல்லை' என்ற பதிலை வாய்மொழியாக வாங்கித் திரும்பாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. கடந்த ஆண்டு எத்தனை நூல்கள் வழங்கப்பட்டன, எத்தனை தொலைந்தன, எத்தனை பேராசிரியர்களிடம் ஓராண்டுக்கு மேலாக நூல்கள் நிலுவையில் இருக்கின்றன என்று மூன்றே கேள்விகள் போதும். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். பதில் தருவதற்கு அவர்களுக்கு 30 நாள்.

இப்படிக்கு,
வரிசையில் நிற்பவர்கள் சார்பில் ஒருவர்