தங்கத் தலைக்காரனுக்கு ஒரு சங்கதி

வா மகன், வந்து குந்து. கத்தார்ல உழைச்ச காசெல்லாம் எங்க போச்செண்டு ஒன்ட உம்மா தேடித் திரியிறா. எனக்குக் கண்டவுடனே விளங்கிட்டு. பாதிக் காசு தலைக்கு மேல மினுங்குது.

கோவிச்சுக்காத. கல்முனையில இது எல்லாரையும் புடிச்ச பைத்தியம். நீ கறுப்ப எரிச்சுத் தங்கமாக்கக் காசு குடுக்காய். ஒன்ட பெரியப்பா நரையக் கறுப்பாக்கக் காசு குடுக்கார். சலூன்காரன் ரெண்டு பேருக்கும் துஆ கேக்கான்.

கலர் ஏத்துறது ஒரு பின்னேர வேல. அது போகாமப் பாக்கிறதுதான் கரச்சல். ப்ளீச் பண்ணின மயிருக்கு மேல்தோல் தெறந்து கிடக்கும், கழுவக் கழுவ ஒழுகும். நீ என்ன செய்றாய்? கச்சான் காத்து அடிக்கிற ஆடி வெயில்ல பந்தடிச்சு, கடல்ல பாய்ஞ்சு, கிணத்தடியில வாளி வாளியா ஊத்தி, அதுக்கு மேல ஷாம்பூ. நம்மட கரையில மணல் கிணறுதானே. சில வளவுத் தண்ணி உப்பு, சில வளவுல வாளியே துருக்கலர். அந்த இரும்புக் கற ஒன்ட தலையில நல்லாப் புடிக்கும். ஓட்ட கூட, மயிரத்தான் சொல்றன்.

அதால சோம்பேறியா இரி. அது ஒனக்குச் சுலுவு. கிழமைக்கு ரெண்டு தரம் தல கழுவினாப் போதும், சுடுதண்ணி வேணாம். கடலுக்குப் போக முந்தி நல்ல தண்ணியால நனைச்சுத் தேங்காயெண்ண தடவு, மயிர் உப்பக் குறைச்சுக் குடிக்கும். வெயிலுக்குத் தொப்பி போடு. பொடியன் பள்ளிக்குப் போறானெண்டு வாப்பாவும் சந்தோசப்படுவார்.

கொஞ்ச நாள்ல தங்கம் மஞ்சளிக்கும். மஞ்சள அமத்துறது ஊதா. ஜும்ஆச் சட்டைக்கு உம்மா நீலம் போடுற வித்ததான், ஊதா ஷாம்பூ எண்டு கடையில விக்கிறாங்க. நீலப் போத்தலத் தூக்கித் தலையில ஊத்திராத! ஷாம்பூவும் கிழமைக்கு ஒருக்காத்தான். கூடினாத் தலையே ஊதாவாகும், மாப்பிள்ள கேட்டு வாற ஆக்கள் கடப்படியிலயே கிறுகிடுவாங்க. பீடிப் புகையில மஞ்சளிச்ச என்ட நரைக்கும் அதுதான் மருந்து.

மக்கா வெற்றியன்று, ஹிஜ்ரி 8ல, அபூபக்கர் (ரலி) அவங்கட வாப்பா அபூ குஹாஃபாட வெள்ளத் தலையக் கண்டு, நிறத்த மாத்துங்க, கறுப்பத் தவிருங்க எண்டு நபி (ஸல்) அவங்க சொன்னது சஹீஹ் முஸ்லிம்ல இரிக்கி. என்ட தாடியில மருதோண்டி அதனாலதான். ஆனா நீ பூசிராத. ப்ளீச் தலையில அது செங்கல் நிறத்துல ஏறினா எறங்காது. வெறும் மருதோண்டி இல கறுக்காது மகன். கறுக்கிற பக்கட்டுல அனேகமா பிபிடி எண்ட மருந்து கிடக்கும், ஒத்துக்காத ஆளுக்கு மொகமே வீங்கும். காதுக்குப் பொறத்தால கொஞ்சம் பூசி 48 மணித்தியாலம் பாத்துட்டுத்தான் தலையில வெக்கணும்.

இதப் பெரியப்பாக்கிட்டச் சொல்லிராத. போன பெருநாளைக்கு அவர்ட மொகம் வீங்கினது குளவி கொட்டினதாலயெண்டுதான் ஊருக்குச் சொல்லி வெச்சிரிக்கார்.