பதினோராவது பொருத்தம்

ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். பதினோராவதாக ஃப்ரேம் ரேட் பொருத்தத்தையும் பார்க்கச் சொல்லி ஜோசியர்களுக்கு ஒரு மனு எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். செங்கல்பட்டில் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குப் பிழைப்பு.

போன மாதம் ஒரு கல்யாணம். திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயிலில் தாலிகட்டு, மாமல்லபுரம் கடற்கரையில் அவுட்டோர் ஷூட். நாளைக்கு ஒருத்தியாக 360 கன்னியரைப் பெருமாள் மணந்துகொண்ட தலம் அது என்பது ஐதீகம். நல்லவேளை, அப்போது வீடியோ கிடையாது.

எங்கள் கேமரா நொடிக்கு 25 ஃப்ரேம். டிரோன்காரர் 30. மாப்பிள்ளையின் நண்பர் ‘சினிமா லுக்’ வேண்டும் என்று 24. பெண்ணின் மாமா போனில் 60.

“உங்க கேமரா வெறும் இருபத்தஞ்சுதானா தம்பி? என் போன் அறுபது எடுக்குதே! அப்ப உங்க ரேட்டையும் பாதியாக் கொறைச்சுக்குங்க.”

“மாமா, அது மைலேஜ் இல்ல...”

“எல்லாம் ஒண்ணுதான் தம்பி.”

ஒன்றில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். 25 ஃப்ரேம், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டர் என்றால் அது கண்ணில் படாது. அறுபதில் ஒரு பங்கு என்று வைத்தால் மண்டபச் சுவரில் பட்டை பட்டையாக ஓடும். தூர்தர்ஷன் காலத்திலிருந்தே நமக்கு 25தான் குலவழக்கம். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், அதனால் 30. 1953-ல் கலர் டிவிக்காக அதையும் 29.97 ஆக்கிக்கொண்டார்கள். அந்த 29.97-ஐ 30 என்று நம்பி ஓட்டி, தனியாகப் பதிவு செய்த ஒலியைப் பக்கத்தில் வைத்தால், ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகும். மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டு நிமிர்ந்த பிறகு சாவகாசமாகக் கெட்டிமேளம் கேட்கும். உறவினர்கள் எதை மன்னித்தாலும் இதை மன்னிக்கமாட்டார்கள்.

நண்பரின் 24-ஐ 25-ஆக ஓட்டினால் நான்கு சதவீதம் வேகம் கூடும். படத்தில் தெரியாது, நாதஸ்வரம் மட்டும் கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும். நாயனக்காரர் காதில் விழுந்தால் நேரே ஸ்டூடியோவுக்கு வந்துவிடுவார். சுருதியைப் பூட்டிவிட்டு வேகத்தை மட்டும் மாற்ற வேண்டும்.

டிரோனின் 30-ஐ அப்படியே 25 டைம்லைனில் போட்டால் நொடிக்கு ஐந்து ஃப்ரேம் காணாமல் போய், மண்டபம் விக்கிக்கொண்டே நகரும். 25 என்று படிக்கச் சொல்லிவிட்டால் கொஞ்சம் மெதுவாக, ராஜகம்பீரமாக மிதக்கும்.

மாமாவின் போன்தான் வில்லன். வெளிச்சம் குறைந்தால் ஃப்ரேமையும் அதுவாகவே குறைத்துக்கொள்ளும் ஜாதி. முதலில் ‘ஹேண்ட்பிரேக்’ என்ற சாஃப்ட்வேரில் போட்டு ஒரே சீரான வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். இடையில் இல்லாத ஃப்ரேமைக் கற்பனை செய்து நிரப்பும் ‘ஆப்டிகல் ஃப்ளோ’வையும் தாலி ஷாட்டில் ஏவிப் பார்த்தேன். மஞ்சள் கயிறும் விரல்களும் உருகி ஒன்றாகி, மாப்பிள்ளைக்கு ஆறாவது விரல் முளைத்தது. அட்சதை பாதி வழியில் ஆவியானது. கல்யாண வீட்டில் கற்பனை செய்ய ஆள் பஞ்சமில்லை. சாஃப்ட்வேர் வேறு எதற்கு?

தாலிக்கு எங்கள் 25-ஐயே வைத்துக்கொண்டேன். மாமாவின் 60-ஐ 25-ஆகப் படிக்கச் செய்ததில் ஒரு நொடி 2.4 நொடியானது; கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் அலை எழுந்து, நின்று, யோசித்து உடைந்தது. பார்த்துவிட்டு மாமா, “நான் எடுத்ததுதான் டாப்பு” என்றார். உண்மைதான்.

ஐபோன் வைத்திருக்கும் மாமாக்களே, செட்டிங்ஸில் கேமராவுக்குள் ‘ரெக்கார்ட் வீடியோ’ என்று ஒன்று இருக்கிறது. அதில் ‘ஷோ பிஏஎல் ஃபார்மட்ஸ்’ஸைத் தட்டினால் 25 கண்ணில் படும். மண்டபத்துக்குள் நுழையும் முன்பே அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.