கட்டமா, கோடா?

கேள்வி: சிக்னல் பிராசஸிங் படிக்கிறேன். கட்டங்களை இழுத்துக் கம்பி மாட்டினாலே போதும் என்கிறாள் தோழி. கோடு (நிரல்) அடித்தால்தான் படிப்பு என்கிறான் அண்ணன். யார் பேச்சைக் கேட்பது? – ஒரு மாணவி, போடிநாயக்கனூர்

பதில்: முதல் வாரம் தோழி, அப்புறம் அண்ணன்!

2001-ல் தொடங்கிய குனு ரேடியோ, கட்டங்களை இணைத்தே ரேடியோ அமைக்க உதவும் இலவச மென்பொருள். வானொலி அலையைக் கணினிக்குள் கொண்டுவரும் சின்ன எஸ்.டி.ஆர். டாங்கிள் ஒன்றைச் செருகி, கொடைக்கானல் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸைப் பிடித்துப் பாருங்கள். ஆன்டெனாவிலிருந்து ஃபில்டர், அங்கிருந்து எஃப்.எம். டீமாடுலேட்டர், கடைசியில் ஸ்பீக்கர். சிக்னல் போகும் பாதை அப்படியே திரையில் தெரியும். இந்தத் தெளிவு எழுத்தில் சீக்கிரம் வராது. இதே போலக் கட்டங்களை இணைக்கும் லேப்வியூ, 1986-ல் வந்து ஆய்வகங்களைப் பிடித்துக்கொண்டது சும்மா இல்லை.

சிக்கல் கட்டங்கள் பெருகும்போது. நிபந்தனை, சுழற்சி என்று சேர்ந்துவிட்டால், கம்பிகள் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் மிஞ்சிவிடும். நேற்று எதை மாற்றினோம் என்று ஒப்பிட எழுத்துதான் வசதி.

இன்னொன்று: டாங்கிள் நொடிக்குத் தரும் 24 லட்சம் சாம்பிளைப் பத்தால் குறைத்தால் 2,40,000, அதை ஐந்தால் குறைத்தால் 48,000, ஸ்பீக்கருக்குச் சரி. ஐந்துக்குப் பதில் பத்து போட்டால் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். படத்திலோ எல்லாக் கம்பியும் ஒழுங்காகவே இருக்கும்! கணக்கு தெரிந்தவருக்கே பிழை பிடிபடும்.

நல்ல சேதி, நீங்கள் வரையும் படத்தை குனு ரேடியோவே பைத்தான் கோப்பாக எழுதித் தந்துவிடுகிறது. அதைத் திறந்து வரி வரியாகப் படியுங்கள். தோழியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.