சதுரஅடி மாமா

சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து பெற்றோர் வந்தால், மூன்றாவது வாரம் ஒரு சிக்கல் வரும். ஓபரா ஹவுஸ் காட்டியாயிற்று, முருகன் கோயிலுக்குப் போயாயிற்று, அடுத்து எங்கே? பாண்டையிலிருந்து கூஜி வரை கடலோர நடைபாதை இருக்கிறது. ஆறு கிலோமீட்டர்தான், குழந்தைகளும் நடக்கலாம், டிக்கெட் கிடையாது. ரயிலில் பாண்டை ஜங்ஷன், அங்கிருந்து 333 பஸ். அந்த பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டத்தில் ஒரு சதுரஅடி மாமா கட்டாயம் இருப்பார்.

பேங்க், மின்வாரியம், பள்ளிக்கூடம் என்று எதில் ரிட்டயர் ஆனவராகவும் இருக்கலாம். கண் மட்டும் மனைத் தரகர் கண். அவர் கடலைப் பார்ப்பதில்லை. கடல் விற்பனைக்கு வராது. மே முதல் நவம்பர் வரை இந்த வழியாகத் திமிங்கலங்கள் போகும். யாராவது கை நீட்டினால் பாதையில் போகிற மொத்தக் கூட்டமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்க்கும். மாமா மட்டும் அதே கம்பியில் முதுகைச் சாய்த்து மேற்கே பார்ப்பார். "மாப்ள, அந்த மூணு மாடி என்ன போகும்?"

மாப்பிள்ளை ஒரு தொகை சொல்வார். மாமா அதை ரூபாயாக்குவார். உதடு அசையும், விரல் மடங்கும், நடை நின்றுவிடும். பின்னால் வரும் அத்தை பதறிப்போய், "மூச்சு வாங்குதா? செத்த உக்காருங்க" என்பார். மூச்சு வாங்கவில்லை, பூஜ்ஜியம் எண்ணுகிறார்.

நடை தொடங்கும் இடத்திலேயே ஐஸ்பெர்க்ஸ் நீச்சல்குளம். அலை சுவர் தாண்டி வந்து நீந்துகிறவர் தலையில் விழும். 1929இல் தொடங்கிய சங்கம் அது. உறுப்பினராக நிலைக்க வேண்டுமானால் ஐந்து வருஷத்துக்குக் குளிர்கால ஞாயிறுகளில், மாதம் நாலுக்கு மூன்று, நீந்தியே ஆகவேண்டும். மாப்பிள்ளை இதைப் பெருமையாகச் சொல்ல, மாமா அசரவே மாட்டார். "அஞ்சு வருஷம்தானா? நம்ம ஊர்ல அனுபவ பாத்தியதைக்குப் பன்னண்டு வருஷம் ஆகும்."

பாண்டைக்கும் டமராமாவுக்கும் நடுவில் 1997இலிருந்து வசந்த காலத்தில் கடலோரச் சிற்பக் கண்காட்சி நடத்துகிறார்கள். புல்வெளியிலும் பாறையிலும் விதவிதமான உருவங்கள். பேத்தி ஒவ்வொன்றுக்கும், "தாத்தா, இது என்ன?" என்பாள். தாத்தா சுற்றிவந்து பார்த்து விளக்குவார்: "காலி இடத்தைச் சும்மா விட்டா எவனாவது கொட்டகை போட்டுருவான். அதான் எதையாவது வெச்சிருக்காங்க. கெட்டிக்காரங்க." அப்படியே குனிந்து மணற்பாறையை விரல் முட்டியால் தட்டுவார். "பைலிங் செலவு மிச்சம்." 2016 ஜூன் புயலில் இந்தக் கரையோரத்தில் மண் சரிந்ததை மாப்பிள்ளை சொன்னால், முகம் மலரும். "அப்ப குறைச்சுப் பேசலாம்."

பிராண்டி கடற்கரை தாண்டியதும் வேவர்லி கல்லறைத் தோட்டம். 1877இல் திறந்தது. குன்றின் விளிம்பு வரை வெள்ளைப் பளிங்குச் சிலுவைகளும் தேவதைகளும், எதிரே பசிபிக் பெருங்கடல். வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் இடத்தில் மாமாவின் குரல் ஓங்கும். "கிழக்குப் பார்த்த மனை! அதுவும் எல்லாமே முதல் வரிசை!" கவிஞர் ஹென்றி லாசன் இங்கேதான் அடக்கம். 1966இல் வந்த பத்து டாலர் நோட்டில் அவர் படம் இருந்தது என்றதும் மாமாவுக்கு மரியாதை பிறக்கும்.

"வசதியான ஆளா?"

"இல்ல மாமா. குடி, கடன். கஷ்டத்துலயே 1922ல போயிட்டார்."

"கவிஞர்னா எந்த ஊர்லயும் அப்படித்தான். ஆனா இடம் அமைஞ்சுது பாருங்க."

குளோவெல்லி வந்தபின்தான் மாமா உட்காருவார். குறுகலான விரிகுடா, இரு கரையிலும் கான்கிரீட் தளம். கையால் தடவிப் பார்த்து, "பூச்சு வேலை சுத்தம்" என்று சான்றிதழ் கொடுப்பார். அத்தை தூக்குவாளியிலிருந்து எலுமிச்சைச் சாதம் பரிமாறும்போது, வழியெல்லாம் அரித்த கேள்வி வெளியே வரும்.

"இந்தப் பாதை யாரு பேர்ல இருக்கு மாப்ள?"

"பொது இடம் மாமா. கவுன்சில் பராமரிக்குது. யார் வேணும்னாலும் நடக்கலாம்."

மாமா சாப்பிடுவதை நிறுத்துவார். காரணம் உண்டு. ஊரில், கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) ஓரத்தில் அவருக்கு ஒரு கிரவுண்டு இருக்கிறது. வாங்கிய பிறகுதான் 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையை யாரோ படித்துக் காட்டினார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் நினைத்தபடி கட்ட முடியாது. அவர் மனை காலி. பக்கத்திலோ ரிசார்ட்டின் சுவர் மணல் வரைக்கும் போகிறது. அங்கே கடலைப் பார்க்க வேண்டுமென்றால் உள்ளே போய் ஒரு காபியாவது வாங்க வேண்டும்.

"இவ்ளோ விலை போற இடத்தைச் சும்மா நடக்க விட்டிருக்கான்" என்பார் கடைசியில். திட்டுகிறாரா, பாராட்டுகிறாரா என்று கேட்காதீர்கள். வாங்கவே முடியாத ஒரு சொத்தைப் பற்றி மாமா சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

இந்த வருஷம் உங்கள் வீட்டுக்கும் ஒரு மாமா வருவதாக இருந்தால் தொப்பி, தண்ணீர், சன்ஸ்கிரீன் மூன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். நிழல் குறைவு, படிகள் அதிகம். கூடவே இதையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஆறு கிலோமீட்டரும் கேட்பார்: ஒரு கிரவுண்டு 2,400 சதுரஅடி, ஆஸ்திரேலியக் கணக்கில் 223 சதுர மீட்டர்.