அருவிக்கு டூட்டி நேரம்

பொள்ளாச்சி, வால்பாறை, மலக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி அருவிக்குப் போகிறவர்களைக் கேரள வனத்துறைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். வண்டியில் எத்தனை பிளாஸ்டிக் பாட்டில் என்று எண்ணி எழுதிக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடு. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே அரசின் மின்சார வாரியம் அதே காட்டில் 138 ஹெக்டேருக்கு மேல் கேட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் டெல்லிப் படியேறி இறங்கியது. பாட்டிலுக்குக் கணக்கு. காட்டுக்குத் தடையில்லாச் சான்று.

சுற்றுலா என்று கிளம்பிவிட்டோம். வழிகாட்டி நானே. சம்பளம் வேண்டாம், எரிச்சல் போதும்.

முதலில் படகு. இடுக்கியில் மாட்டுப்பட்டி, செங்குளம், ஆனையிறங்கல் என்று அணைக்கு அணை படகு மிதக்கிறது. விடுவது யார்? மின்வாரியத்தின் சுற்றுலாப் பிரிவு. ஆற்றை மறித்து நிறுத்தியவரே, நின்ற தண்ணீரைச் சுற்றிக்காட்டவும் டிக்கெட் கிழிக்கிறார். கொன்றவனே கருமாதிக்குப் பந்தல் போட்டு மொய் எழுதுவதைப் போல. நாமும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு 'ஆகா, இயற்கை!' என்று செல்ஃபி எடுக்கிறோம்.

அடுத்து நடை. அதிரப்பள்ளியில் சீட்டு வாங்கி, செங்குத்துப் பாதையில் மூச்சு வாங்க இறங்கினால் எண்பது அடி அருவி. 'புன்னகை மன்னன்' காதலர்கள் குதித்த இடம். 'ராவணன்' எடுத்த இடம். 'பாகுபலி'க்கும் இதுதான். நமக்கு இது அருவி அல்ல, படப்பிடிப்புத் தளம். அதனால்தான் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

வருவது மிச்சம். மலைமேல் பாலக்காடு மாவட்டத்தில் பரம்பிக்குளம் அணை இருக்கிறது. நிலம் கேரளத்துடையது, சாவி தமிழ்நாட்டுடையது. 1970இல் கையெழுத்தாகி 1958இலிருந்தே செல்லும் என்று முன்தேதியிட்ட ஒப்பந்தம். அந்தத் தண்ணீரில் விளைந்த பொள்ளாச்சி இளநீரை உறிஞ்சிக்கொண்டே 'கேரளாக்காரன் ஆற்றைக் கெடுக்கிறான்' என்று பேசுகிறவர்கள், ஸ்ட்ராவை ஒரு நிமிடம் வாயிலிருந்து எடுக்கலாம். இன்னொரு பங்கு இடமலையாறு அணைக்குப் போகிறது. மீந்ததை 1957 முதல் பெரிங்கல்குத்து அணை பிடித்து வைத்துக்கொள்கிறது. கோடையில் அங்கே இயந்திரம் ஓடினால் அருவி தடிக்கும். ஓடாவிட்டால் இளைக்கும். அரசு ஊழியரைப் போல அருவிக்கும் டூட்டி நேரம் வந்தாயிற்று.

அது போதவில்லை. மின்வாரியத்தின் 163 மெகாவாட் திட்டத்தைப் படித்துப் பாருங்கள், நகைச்சுவை நூல் தோற்கும். அருவிக்கு மேல்பகுதியில் 23 மீட்டர் உயரமுள்ள இன்னொரு அணை. தண்ணீரைச் சுரங்கத்தில் இறக்கி, அருவியைத் தாண்டிக் கொண்டுபோய்க் கீழே ஆற்றில் விடுவது. அதாவது அருவிக்கு பைபாஸ். அப்புறம் அருவி எதற்கு? கவலை வேண்டாம். வினாடிக்கு 7,650 லிட்டர் விடுவார்களாம். அதுவும் சும்மா அல்ல. அணையடியில் 3 மெகாவாட் இயந்திரத்தைச் சுற்றிவிட்டுத்தான் அந்தத் தண்ணீர் வெளியே வரவேண்டும். பிச்சை போடுவதிலும் கமிஷன்.

1998இல் மத்திய அரசு அனுமதி தந்தது. மக்கள் கருத்தைக் கேட்ட லட்சணம் சரியில்லை என்று 2001இல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2005இல் மறுபடி அனுமதி. 2006இல் மறுபடி ரத்து. 2007இல் மூன்றாவது அனுமதி. 2010இல் அப்போதைய மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் விளக்கம் கேட்டு நோட்டீஸ் விட்டார். 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு கூடவே கூடாது என்றது. நடுவில் 2018 வெள்ளம் வந்து, ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள சாலக்குடியை மூழ்கடித்தது. பாடம் படித்திருப்பார்கள் என்று நினைத்தீர்களா? 2020 ஜூனில், உலகச் சுற்றுச்சூழல் நாள் வரும் அதே மாதத்தில், கேரள அரசு திட்டத்துக்கு ஏழு ஆண்டு தடையில்லாச் சான்று கொடுத்த செய்தி வந்தது. ஊரடங்கில் ஜனம் வீட்டில் கிடந்த காலம். கோப்புக்கு ஊரடங்கு கிடையாது.

அருவிக்கு மேலே வாழச்சாலில் காடர் பழங்குடிகள் இருக்கிறார்கள். முந்தைய அணைகளுக்காக ஏற்கெனவே துரத்தப்பட்டவர்கள். கேரளத்தின் நான்கு வகை இருவாச்சிகளும் வாழும் காடு அது. அந்தக் கூடுகளுக்கு இன்று காவல் நிற்பதும் காடர்கள்தான். 2014இல் அவர்களுக்குச் சமூக வன உரிமைப் பத்திரத்தை அரசே கொடுத்தது. அணை கட்டச் சான்று கொடுத்ததும் அரசே. இரண்டு கோப்பும் ஒரே தலைமைச் செயலகத்தில்தான் தூங்குகின்றன. இன்னும் அறிமுகம் ஆகவில்லை போலும். அணை வேண்டாம் என்று காடர்களின் ஊர்க்கூட்டம் சொல்லிவிட்டது. சட்டப்படி அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. சட்டப்படி.

கருத்தொற்றுமை இல்லாமல் கட்டமாட்டோம் என்று அமைச்சர்கள் அவ்வப்போது திருவாய் மலர்கிறார்கள். கட்டமாட்டோம் என்கிறவருக்குச் சான்று எதற்கு?

அந்த ஏழு ஆண்டு 2027இல் முடிகிறது. போய்ப் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிடுங்கள். சீட்டு வாசலிலேயே கிடைக்கும். வீடியோ கேமராவுக்குத் தனிக் கட்டணம்.