எம்-புக்கைக் கேளு, தம்பி

உக்காரு தம்பி. ராயக்கோட்டை ரோட்டுல கம்பெனி பஸ்ஸுங்க போற சத்தத்துல நீ சொன்னது பாதிதான் காதுல விழுந்துச்சு. இருந்தாலும் புரிஞ்சுபோச்சு. ஊராட்சி ஆபீஸ்ல யாருக்கு எவ்வளவு சம்பளம்னு தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடப் போற. ரொம்ப நல்லது. உன்னைவிட அவங்களுக்குத்தான் சந்தோஷமா இருக்கும்.

ஏன்னா, சம்பளம் நீ கேக்காமலே அவங்க போட்டு வைக்க வேண்டிய சமாச்சாரம். 2005 சட்டத்தோட நாலாவது பிரிவைப் படி, எழுதியிருக்கு. எம்.எல்.ஏ. சம்பளம் 2017ல 55,000ல இருந்து 1,05,000 ஆச்சு. எம்.பி. சம்பளத்தை 2025ல ஒரு லட்சத்துல இருந்து 1,24,000 ஆக்குனாங்க. மறைச்சா ஏத்துனாங்க? பேப்பர்லயே வந்துச்சு. நாமளும் டீக்கடையில ஒரு வாரம் திட்டிட்டு, அடுத்த வாரம் தக்காளி விலைக்குப் போயிட்டோம். தோட்டத்துக் காவல்காரன் கூலியில பத்து ரூபா குறைக்க நாள் பூரா வாதாடிட்டு, ராத்திரி எத்தனை கூடை லாரி ஏறுச்சுன்னு எண்ணாம விட்டா, காவல்காரனுக்கு என்ன நஷ்டம்?

விவரமானவங்க வேற மாதிரி கேட்டாங்க. ராஜஸ்தான்ல மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்னு ஒரு கூட்டம், அருணா ராய் அம்மா எல்லாம் இருந்தது. 1994 டிசம்பர்ல கோட்கிரானாங்கற ஊர்ல ஜனங்களை ஒண்ணா உக்கார வச்சாங்க. எந்த அதிகாரி சம்பளத்தையும் பேசல. கூலி வாங்கினவங்க பேர் எழுதற மஸ்டர் ரோலை எடுத்து, பேர் பேரா சத்தமாப் படிச்சாங்க, அவ்வளவுதான். மம்பட்டியே தொடாதவன் பேர்ல கூலி போயிருந்தா, ஊர் முன்னாடி தெரிஞ்சுபோகுமா இல்லையா? அந்த மாதிரி கூட்டங்கதான் பின்னால சட்டமாச்சு. நம்ம தமிழ்நாடு அதுக்கும் முன்னாடி, 1997லயே தனியா ஒரு சட்டம் போட்டுச்சு. பக்கத்துல கர்நாடகாவே 2000லதான். என்ன, எதெல்லாம் சொல்ல முடியாதுங்கற பட்டியலைத்தான் நம்மாளுங்க கொஞ்சம் தாராளமா எழுதிட்டாங்க.

சென்னையில அறப்போர் இயக்கத்துப் பசங்களைப் பாரு. 2018ல மாநகராட்சி டெண்டர் காகிதத்தை நோண்டி, போட்டி போட்ட கம்பெனிங்க ஒரே ஐ.பி. முகவரியில இருந்து விண்ணப்பம் போட்டிருக்குன்னு புகார் குடுத்தாங்க. போட்டியாளருங்க அவ்வளவு ஒத்துமை! 2021 ஆகஸ்ட்ல லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கே போட்டுச்சு. கோர்ட்டுல அது ஏறி இறங்கினது தனிக்கதை.

ஆகவே தம்பி, சம்பளத்தை விடு, உங்க ஊர்ல சாக்கடை கட்டின எம்-புக்கைக் கேளு, அதான் வேலையை அளந்து எழுதற புத்தகம். எஸ்டிமேட்டைக் கேளு, பில்லைக் கேளு. சட்டத்துல இன்னொரு கூத்து இருக்கு: வேலை நடந்த இடத்தை நேர்ல பாக்கலாம், போட்ட பொருள்ல சான்றோட மாதிரியும் வாங்கலாம். சாக்கடைச் சிமெண்ட்டை ஒரு துண்டு கேட்டுப் பாரு. விரலால நசுக்கினா மாவாப் போகாம இருந்தா, அந்த கான்ட்ராக்டருக்கு நானே மாலை போடறேன்.

"இது தனிப்பட்ட தகவல், தர முடியாது"ன்னு பதில் வரலாம். 2023ல வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் சட்டத்துல தனிப்பட்ட தகவல் பத்தின பிரிவை மாத்திடுச்சு, 2025 நவம்பர்ல இருந்து அமல். பொதுநலன்னா தரலாம்னு அதுக்குள்ளயே இருந்த வரியைத் தூக்கிட்டாங்க. பொதுநலனுக்கு இன்னொரு பிரிவு இன்னும் மிச்சமிருக்கு, அதைக் காட்டி மல்லுக்கட்டு. சாக்கடைக்கு ஏதுப்பா அந்தரங்கம்?

மனுவுல எதுக்குக் கேக்கறேன்னு கதை எழுதாத, காரணம் கேக்க அவங்களுக்கு அதிகாரமில்ல. பத்து ரூபா கோர்ட் ஸ்டாம்பு ஒட்டு, அனுப்பின ரசீதைப் பத்திரமா வை. முப்பது நாள் எண்ணு. வரலைன்னா மேல்முறையீடு. நடுவுல யாராவது "வா தம்பி, பேசிக்கலாம்"னு பிரியாணிக்குக் கூப்பிட்டா போகாத. மனு போட்டே பேரம் பேசிப் பிழைக்கறவங்களும் நாட்டுல இருக்காங்க, ஒரு பிரியாணியில நீயும் அந்தக் கணக்குல சேந்துடுவ. அப்புறம், அந்தச் சாக்கடை கட்டினது உன் சின்ன மாமனார்தான்னு உனக்குத் தெரியுமில்ல? பொண்டாட்டிகிட்ட முன்னாடியே சொல்லி வை.

பதில் வந்தா எனக்கும் ஒரு நகல் எடு. பக்கத்துக்கு ரெண்டு ரூபா, நான் தரேன். பத்துப் பக்கத்துக்கு மேல போச்சுன்னா உன் கணக்கு.